பொறுத்தார் எல்லாம் ஆள்வாரா?

"நல்ல பங்குகளை வாங்கிப் பொறுத்திருங்கள், காலம் கைவிடாது" என்பார்கள். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். ஜப்பானின் அனுபவம் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

1989 டிசம்பர் 29 அன்று டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 38,915 புள்ளிகளில் நின்றது. 2009 மார்ச்சில் 7,054க்கு வீழ்ந்தது. பழைய உச்சத்தைத் தாண்டியதோ 2024 பிப்ரவரி 22 அன்றுதான்! உச்சத்தில் தம் சேமிப்பையெல்லாம் போட்ட 30 வயது இளைஞருக்கு அப்போது வயது 64. இடையில் வந்த ஈவுத்தொகைதான் அவருக்கு ஆறுதல். மாதந்தோறும் சிறிது சிறிதாக வாங்கியவரோ, மலிந்த காலத்திலும் வாங்கியதால், முன்னதாகவே கரையேறியிருப்பார்.

நண்பர்களே, 'எத்தனை ஆண்டு?' என்று கேட்பதற்குமுன் 'என்ன விலை?' என்று கேட்போம். பொறுமை நற்பண்புதான், ஆனால் விலை பாராமல் வாங்கிய பிழைக்கு அது பரிகாரமாகாது.