கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள்

வில்லியம் பீட்டர் பிளாட்டியின் ‘தி எக்சார்சிஸ்ட்’ நாவலில் பேய் பிடிப்பது ரீகன் என்ற சிறுமிக்கு. ஆனால் பேயின் குறி அவள்மீது இல்லை. சடங்கின் இடைவேளையில் முதிய குரு மெரின் இதை இளைய குரு கராஸிடம் விளக்குகிறார்: தீய சக்தி தாக்க விரும்புவது கட்டிலில் கிடப்பவளை அல்ல, அவளைச் சுற்றி நின்று பார்ப்பவர்களை. மனிதன் அருவருப்பான மிருகம், கடவுள் நேசிக்கத் தகுதியற்றவன் என்று அவர்களை நம்பவைத்துவிட்டால் போதும். இந்த ஓர் உரையாடலை வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் துணைப் பாத்திரங்கள் யாரும் வெறும் இடநிரப்பிகளாகத் தெரியமாட்டார்கள். போர்க்களமே அவர்கள்தான்.

நாவல் 1971-இல் வந்தது. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கிய படம் 1973 டிசம்பர் 26 அன்று வெளியானது; திரைக்கதையும் பிளாட்டியுடையதே, அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. கதையின் விதை 1949-இல் விழுந்தது. மேரிலாந்தைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்குப் பேயோட்டும் சடங்கு நடந்ததாக அந்த ஆண்டு ‘வாஷிங்டன் போஸ்ட்’ செய்தி வெளியிட்டபோது, பிளாட்டி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர். அது சேசு சபைக் குருக்கள் நடத்தும் பல்கலைக்கழகம். சிறுவனைச் சிறுமியாக்கி, கதையை அதே ஜார்ஜ்டவுனில் நிறுத்தி, தனக்குப் பழக்கமான அந்தக் குருக்களின் உலகத்தைச் சுற்றிலும் கட்டினார். பாத்திரங்கள் உயிரோடு இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். அவர்கள் சாராயம் குடிக்கிறார்கள், பியானோ வாசிக்கிறார்கள், அசட்டு ஜோக் அடிக்கிறார்கள். புனிதர் படத்திலிருந்து இறங்கிவந்தவர்கள்போல ஒருவரும் இல்லை.

முதலில் வருபவர்கள் மருத்துவர்கள். ரீகனின் தாய் கிறிஸ் மெக்னீல் ஒரு நடிகை, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மகளின் நடத்தை மாறத் தொடங்கியதும் அவர் போவது மருத்துவமனைக்குத்தான். நரம்புக் கோளாறு, மூளையில் காயம், வலிப்பு, மனப்பிளவு என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகிறது. படத்தில் பேய்க்காட்சிகளைவிடப் பார்க்கக் கடினமானது கழுத்தில் ஊசி ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் காட்சி என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. மருத்துவர்களைப் பிளாட்டி முட்டாள்களாக்கவில்லை. இயற்கையான விளக்கங்கள் எல்லாம் தீர்ந்த பிறகே இயற்கைக்கு மேற்பட்டதைப் பேச முடியும் என்பதால், அவர்கள் உண்மையாகவே உழைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் நடப்பது ஒரு விசித்திரமான இடமாற்றம். பேயோட்டும் சடங்கை முயன்று பார்க்கலாம் என்று சொல்வது மருத்துவர்கள். தனக்குப் பேய் பிடித்திருப்பதாக நோயாளி நம்பினால் பேய் போய்விட்டதாகவும் நம்பக்கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த யோசனையை முதலில் தட்டிக்கழிப்பது குரு. கராஸ் மனநல மருத்துவரும்கூட.

கராஸின் தாய்க்குக் கதையில் சில பக்கங்கள்தான் உண்டு. கிரேக்கத்திலிருந்து குடியேறிய கிழவி, நியூயார்க்கில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் வானொலியோடு தனியாக இருக்கிறாள். மகன் துறவி, கையில் காசு இல்லை, அவளை நல்ல இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழியில்லை. படத்தில் அவளைப் பொது மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். மகன் பார்க்கப் போகும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிறகு தனியே சாகிறாள். கராஸின் விசுவாசத்தில் ஏற்கெனவே விழுந்திருந்த விரிசலை இந்தச் சாவு ஆழமாக்குகிறது. பேய்க்கும் இது தெரியும். சடங்கு நடக்கும்போது அது தாயின் குரலில், தாயின் கொச்சை ஆங்கிலத்தில் பேசி அவரை உடைக்கிறது. படத்தில் இந்தப் பாத்திரத்தை ஏற்ற வாசிலிகி மாலியாரோஸ் தொழில்முறை நடிகை அல்ல. ஃப்ரீட்கின் அவரை ஒரு கிரேக்க உணவகத்தில் கண்டெடுத்தார். படம் வெளிவரும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

தாயைவிடவும் சிறிய பாத்திரம் ஒன்று படத்தில் உண்டு. சுரங்க ரயில் நிலையத்தில் கிடக்கும் ஒரு குடிகாரன், தான் ஒரு காலத்தில் பலிபீடச் சிறுவனாக இருந்தவன் என்று சொல்லிக் கராஸிடம் காசு கேட்கிறான். கராஸ் எதுவும் தராமல் அருவருப்போடு பார்த்துவிட்டு நகர்கிறார். சில வினாடிக் காட்சி. நெடுநேரம் கழித்து, அதே வேண்டுகோள் ரீகனின் வாயிலிருந்து வருகிறது. அவர் தனியாக இருந்தபோது செய்யத் தவறியதும் பேயின் கணக்கில் இருக்கிறது. மனசாட்சி செய்யும் வேலையைப் பேய் எடுத்துக்கொள்வது இந்த வகைக் கதைகளில் அரிது.

துப்பறியும் அதிகாரி கிண்டர்மேன் கதைக்குள் நுழைவது ஒரு மரணத்தின் வழியாக. கிறிஸின் நண்பரும் அவர் நடிக்கும் படத்தின் இயக்குநருமான பர்க் டென்னிங்ஸ், வீட்டை ஒட்டிய நீண்ட கற்படிகளின் அடியில், தலை முழுக்கப் பின்பக்கம் திரும்பிய நிலையில் கிடக்கிறார். (அந்த 75 படிகள் ஜார்ஜ்டவுனில் இன்றும் உள்ளன, சுற்றுலாப் பயணிகள் மூச்சுவாங்க ஏறுகிறார்கள்.) கிண்டர்மேன் யூதர், சினிமாப் பைத்தியம், கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்கும் ரகம். இவர் இல்லாவிட்டால் நாவல் ஒரே படுக்கையறைக்குள் அடைபட்டிருக்கும். வெளியுலகின் சட்டம், சாட்சியம், தர்க்கம் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவருபவர் இவர். கொலையை யார் செய்திருக்க முடியும் என்ற கேள்விக்கு அவர் கிட்டத்தட்ட விடையைத் தொட்டுவிடுகிறார். தொட்டபின் என்ன செய்வது என்பதுதான் அவருடைய சிக்கல், ஏனென்றால் அந்த விடையை எந்த நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது.

கிண்டர்மேனின் சந்தேகம் வீட்டு வேலைக்காரர் கார்ல்மீது விழுகிறது. கார்லும் மனைவி வில்லியும் படத்தில் பின்னணியில் நடமாடுபவர்கள்தான். விருந்தில் குடித்துவிட்டு டென்னிங்ஸ் அவரை நாஜி என்று ஏசுவதும் கார்ல் அவர்மேல் பாய்வதும் நினைவில் நிற்கலாம். நாவலில் கார்லுக்கு ஒரு ரகசியம் உண்டு. கொலை நடந்த இரவு சினிமாவுக்குப் போயிருந்ததாக அவர் சொல்வது பொய். போதைக்கு அடிமையான மகள் எல்வைராவைப் பார்க்கவும் பணம் தரவும் அவர் மறைவாகப் போய்வருகிறார். மகள் இறந்துவிட்டதாக வில்லியிடம் சொல்லி வைத்திருக்கிறார். துப்பறியும் கதையின் கணக்கில் இது வாசகரைத் திசைதிருப்பும் பொய்த்தடம் மட்டுமே. ஆனால் மேல்மாடியில் ஒரு தாய் தன் மகளுக்காகப் போராடும்போது, கீழே வேலை செய்யும் ஒரு தகப்பன் தன் மகளைப் பேயில்லாத ஒரு நரகத்தில் சத்தமில்லாமல் சுமக்கிறான். இதைப் படம் வெட்டியது நேரக் கணக்கில் சரி; இழப்பு பெரிது.

மெரின் துணைப் பாத்திரமா என்பதே விவாதத்துக்குரியது. ஈராக்கில் அகழ்வாய்வு செய்பவராக முதல் காட்சியில் தோன்றி, பிறகு காணாமல்போய், கதை முடியும் தறுவாயில் மூடுபனியில் வந்து வாசலில் நிற்கிறார். இதயநோய் மாத்திரையோடு வந்தவர் சடங்கின் நடுவே இறந்தும்விடுகிறார். அனுபவமும் ஐயமற்ற விசுவாசமும் உள்ளவர் விழுந்தபின், தடுமாறும் கராஸ்தான் எஞ்சுகிறார் என்பது கதையின் துணிச்சல். மெரினாக நடித்த மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது நாற்பதைச் சற்றே தாண்டிய வயது. அந்த முதுமை முழுக்க டிக் ஸ்மித்தின் ஒப்பனை.

பார்ப்பவர்களே குறி என்று மெரின் விளக்கும் அந்த உரையாடலை ஃப்ரீட்கின் 1973-இல் வெட்டிவிட்டார். காட்சிகள் சொல்வதை வாயாலும் சொல்ல வேண்டுமா என்பது அவர் எண்ணம். படத்தின் அறமையமே போய்விட்டது என்பது பிளாட்டியின் குறை. 2000-இல் வந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பில் அது மீண்டும் சேர்ந்தது. இயக்குநர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உரையாடல் இல்லாத பதிப்பைப் பார்த்துவிட்டு, பேய்தான் வென்றது என்று நினைத்து வெளியே வந்தவர்கள் ஏராளம்.

பேயின் குரலையும் துணைப் பாத்திரக் கணக்கில் சேர்க்கலாம். அது மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற, ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கிய நடிகையுடையது. பச்சை முட்டையை விழுங்கி, புகைபிடித்துத் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு அவர் பேசினார். முதலில் திரையில் பெயர் போடவில்லை, போராடித்தான் பெற்றார்.

கராஸ் பேயைத் தனக்குள் வரவழைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பாய்ந்து, அதே படிகளின் அடியில் விழுகிறார். அங்கே ஓடிவந்து மண்டியிடுபவர் அவருடைய நண்பர் டையர், விருந்தில் பியானோ வாசித்த குரு. பேச முடியாத நண்பனிடம் கையை அழுத்தச் சொல்லி, அதையே பாவசங்கீர்த்தனமாக ஏற்றுப் பாவமன்னிப்பு வழங்குகிறார். பேயோட்டும் சடங்கின் நீண்ட மன்றாட்டுகளைவிட வலுவான வழிபாட்டுக் காட்சி இது. அதைச் செய்பவர் அதுவரை வேடிக்கைப் பேச்சுக்காரராக மட்டுமே தெரிந்தவர். டையராக நடித்த வில்லியம் ஓ’மேலி உண்மையிலேயே சேசு சபைக் குரு. பல்கலைக்கழகத் தலைவராக நடித்த தாமஸ் பெர்மிங்ஹாமும் அப்படியே.

நாவலின் கடைசிப் பக்கங்களில் கராஸும் மெரினும் இல்லை. கிண்டர்மேன் டையரைச் சந்தித்துச் சினிமாவுக்குக் கூப்பிடுகிறார். இருவரும் கைகோத்து நடக்கிறார்கள். 1973 படம் இதையும் விட்டுவிட்டு, படிகளின் உச்சியில் தனியே நிற்கும் டையரோடு முடிந்தது. ஆனால் பிளாட்டி அந்த நட்பை விடவில்லை. 1983-இல் எழுதிய ‘லீஜியன்’ நாவலில் கிண்டர்மேனைக் கதைநாயகனாக்கி, டையரை அவருடைய உயிர் நண்பராக்கினார். 1990-இல் அதையே ‘எக்சார்சிஸ்ட் 3’ என்று தாமே இயக்கினார். கிண்டர்மேனாக ஜார்ஜ் சி. ஸ்காட். அந்தக் கதையில் டையர் மருத்துவமனைப் படுக்கையில் கொல்லப்படுகிறார். இம்முறை கட்டிலருகே நிற்க வேண்டியவர் கிண்டர்மேன்.