ஓம் விதியும் காற்சட்டைப் பையும்

படிவம் ஐந்தில் இயற்பியல் எடுத்த எவருக்கும் ஓம் விதி மறந்திருக்காது. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். மின்பொறியியல் மாணவனான நான் அதைப் பல தேர்வுகளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஆனால், இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் விடுதிப் படிக்கட்டில் என் காற்சட்டைப் பை திடீரெனக் கொதித்தபோதுதான் அந்த விதி எனக்கு உறைத்தது. பையில் இருந்தவை அறைச் சாவியும், வேப் கருவிக்கென வாங்கிய ஓர் உதிரி பேட்டரியும். இரண்டையும் உருவித் தரையில் வீசினேன். உள்ளங்கையில் சாவியின் வடிவத்தில் ஒரு கொப்புளம் மிஞ்சியது.

வேப் புகைப்பதற்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அன்றே விட்டுவிட்டேன் என்று சொன்னாலும் பொய்யாகும். விட ஓராண்டு பிடித்தது. நம் விழிப்புணர்வுக் கூட்டங்களில் நுரையீரலைப் பற்றிப் பேசுகிறோம். பேட்டரியைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

18650 எனப்படும் அந்த பேட்டரி 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. முழுமையாக மின்னேற்றினால் 4.2 வோல்ட். புகை அடர்த்தியாக வரவேண்டும் என்று கம்பிச்சுருளின் மின்தடையைக் குறைத்துக்கொண்டே போவது நம் பையன்களிடையே ஒரு வீரம். 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். 0.2 என்றால் 21. 0.1 என்றால் 42! இவ்வகையில் மிகச் சிறந்த பேட்டரிகளே தொடர்ந்து தரக்கூடியது 20 முதல் 30 ஆம்பியர்தான். கடையில் நாம் பார்ப்பதோ 3500 மில்லிஆம்பியர்-மணி என்ற பெரிய எண்ணை. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கலாம் என்பதற்கானது அன்று. பொதுவாக ஒன்று கூடினால் மற்றது குறையும். போதாக்குறைக்கு, பிறர் தயாரித்த பேட்டரிக்குத் தங்கள் உறையைச் சுற்றி '40 ஆம்பியர்' என்று அச்சிட்டு விற்பவர்களும் உண்டு.

மின்சுற்றுப் பலகை உள்ள கருவி, கோளாறு என்றால் தானே நிறுத்திக்கொள்ளும். 'மெக்கானிக்கல் மோட்' என்பது வெறும் உலோகக் குழாயும் ஒரு பொத்தானும்தான். தடுக்க அதில் எதுவும் இல்லை. இரண்டு பேட்டரிகளைத் தொடராக அடுக்கினால் சுமை பாதியாகும் என்று ஒரு நண்பன் என்னோடு வாதிட்டான். உண்மையில் அழுத்தம் 8.4 வோல்ட்டாகிறது; அதே சுருளில் மின்னோட்டம் இரட்டிப்பாகி, முழுவதும் ஒவ்வொரு பேட்டரி வழியாகவும் பாய்கிறது. அவன் இறுதியாண்டு மாணவன். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் செய்தியான 195 தீ, வெடிப்புச் சம்பவங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் 61 சட்டை, காற்சட்டைப் பைகளில் நடந்தவை. 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் கருவி வெடித்து ஓர் ஆடவர் உயிரிழந்தார்.

என் பையில் நடந்தது எளிய விஷயம். பேட்டரியின் உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. நேர்முனையைச் சுற்றியுள்ள விளிம்பும் அதுதான். இரண்டையும் பிரிப்பவை மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சிறு வளையமும். உறை கிழிந்திருந்த இடத்தில் என் சாவி பாலம் போட்டுவிட்டது.

அந்தக் கொப்புளத்தை நான் விடுதிக் காப்பாளரிடம் காட்டவில்லை. மெகி மீ சமைக்கும்போது சுட்டுவிட்டது என்று அறைத் தோழனிடம் சொன்னேன். வளாகத்தில் புகைக்கத் தடை இருப்பது சரியே. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தடையோடு நம் கடமை முடிந்துவிடவில்லை என்பது என் கருத்து. ஒளித்து வைத்திருப்பவன்தான் பேட்டரியைப் பையில் திணிக்கிறான். தலையணைக்கு அடியில் மின்னேற்றுகிறான். பக்கத்துக் கட்டிலில் தூங்குபவன் புகைக்காதவனாக இருந்தாலும் தீ அவனையும் விடாது.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் ஊக்குவிப்பதாகிவிடும் என்று கழகக் கூட்டத்தில் ஓர் அக்கா எதிர்த்தார். அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், வரும் தவணைப் புகுமுக நிகழ்வில் நுரையீரல் உரைக்குப் பின் பேட்டரிக்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். பேட்டரி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் சிலவற்றை வாசல் மேசையில், பெயர் கேட்காமல், வைத்துவிடலாம். முதல் இருபது பெட்டிகளுக்கு நான் பணம் தருகிறேன்.