போபால்: கழிவுகள் அகன்றன, கேள்விகள் அகலவில்லை

போபாலில் உள்ள யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தில் பல்லாண்டுகளாகத் தேங்கிக் கிடந்த சுமார் 337 டன் நச்சுக் கழிவுகள், 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரித்து முடிக்கப்பட்டன. ஆயினும், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் கசிந்த நச்சுவாயு மனித உடலில் ஏற்படுத்திய நீண்டகால விளைவுகள் குறித்த கேள்விகள் நீடிக்கின்றன.

அன்று சேமிப்புத் தொட்டிக்குள் நீர் புகுந்ததால் ஏற்பட்ட கடும் வேதிவினையில், சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அதனுடன் கலந்திருந்த பிற சேர்மங்கள் எவை என்பது உடனடியாகத் தெளிவாகவில்லை. இதனால், சயனைடு நச்சுக்கு முறிவாகும் சோடியம் தயோசல்பேட் ஊசியைச் செலுத்தலாமா என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. நஞ்சு எதுவென அறியாத குழப்பம் சிகிச்சையையும் பாதித்தது.

பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 80,000 பேரை உள்ளடக்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தொடங்கிய நீண்டகால ஆய்வுகள் 1994-இல் முடித்துக்கொள்ளப்பட்டன. தொடர் கண்காணிப்பு மாநில அரசின் மறுவாழ்வு ஆய்வு மையத்திடம் சென்றது. போபாலில் சுற்றுச்சூழல் சுகாதார ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் 2010-இல்தான் உருவாக்கப்பட்டது. புற்றுநோய் போன்றவை வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், 10 ஆண்டுகளில் ஆய்வை முடித்தது பெரும் இழப்பாகும்.

அந்த இழப்பின் அளவை 2023-இல் பி.எம்.ஜே. ஓப்பன் இதழில் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. விபத்தின்போது கருவில் இருந்த ஆண்களிடம், பிற்காலத்தில் வேலைவாய்ப்பைப் பாதிக்கும் உடற்குறைபாடும் புற்றுநோய் அபாயமும் அதிகம் காணப்பட்டதாக அது தெரிவித்தது. இதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தியது, வேறு நோக்கத்திற்காக நடத்தப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவுகளை. அத்தகைய தரவு தொடர்பைச் சுட்டலாம். காரணத்தை உறுதிசெய்ய, அதே மனிதர்களைத் தொடர்ந்து கண்காணித்த பதிவுகள் தேவை.

இழப்பீடோ 1989-லேயே 47 கோடி டாலராக முடிவு செய்யப்பட்டது. கூடுதல் தொகை கோரிய மத்திய அரசின் குறைதீர் மனுவையும் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இனி இழப்பீட்டுக்காக அல்லாவிடினும், சிகிச்சைக்காக அறிவியல் விடை அவசியமாகிறது. மருத்துவமனைப் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் பழைய ஆய்வுப் பட்டியலுடன் இணைத்து, இரண்டாம் தலைமுறையையும் கண்காணிப்பதே அதற்கான வழி. அன்று வாயுவைச் சுவாசித்தவர்கள் முதுமையை எட்டிவரும் நிலையில், அதற்கான காலம் குறுகி வருகிறது.