சுவரற்ற அட்டில்

இக்காலத்து உண்டிச்சாலைகளின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசுவோர் பலரும் விளக்கு, நாற்காலி, சுவரின் வண்ணம் என்பவற்றோடு நின்றுவிடுகின்றனர். அவையெல்லாம் புறவணியே. ஓர் உண்டிச்சாலையின் இயல்பை உள்ளவாறு உணர்த்துவது, அதன் அட்டில் எவ்விடத்து அமைந்துளது என்பதேயாம் என்பது எமது துணிபு.

டென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோப்பன்ஹேகனிலுள்ள 'நோமா' இதற்குத் தக்க சான்று. ரெனே ரெட்செப்பி என்னும் சமையற் கலைஞரின் அடுதிறத்தால் புகழ்பெற்ற அச்சாலை, 2003ஆம் ஆண்டில், 18ஆம் நூற்றாண்டுப் பண்டகசாலை ஒன்றில் தொடங்கிற்று. துகில் விரியாத மரமேசைகளும் ஆட்டுத்தோல் போர்த்த நாற்காலிகளுமே ஆங்கிருந்த ஆடம்பரம். 2018இல், கடற்படையார் முன்னாளிற் கண்ணிவெடிகளைச் சேமித்துவைத்த கிடங்கொன்று நிற்கும் இடத்துக்கு அது பெயர்ந்தது. கட்டடத்தை வகுத்தவர் பியார்க்கே இங்கெல்சு குழுவினர். உள்ளமைப்பை வகுத்தவர் டேவிட் துல்ஸ்ட்ரூப்.

வெளிவந்துள்ள படங்களையும் வரைபடத்தையும் நோக்குங்கால் ஒன்று புலனாகும். ஒரு பெருங்கட்டடத்தைப் பல அறைகளாகத் தடுக்காது, 11 பகுதிகளைச் சிற்றூர்போல் நெருங்க நிறுத்தி, இடைவழிகளைக் கண்ணாடியால் மூடியுள்ளனர். உண்ணுமிடத்தின் சுவர்கள், மரக்கடையில் அடுக்கிவைத்த பலகைகளை ஒப்பன. எல்லாவற்றுக்கும் நடுவண் அட்டில்! ஆங்கு நின்று அடுவோர் விருந்தினர் அனைவரையும் காண்பர். விருந்தினரும் அவர்களைக் காண்பர். சமைத்தவரே கலத்தை ஏந்திவந்து, இஃது இன்னதென எடுத்துரைத்தலும் உண்டு.

இதனை வெறுங் கண்காட்சி என இகழ்வாரோடு யாம் உடன்படோம். ஐரோப்பாவின் பெரிய ஓட்டல்கள் பலவற்றில் அட்டில் நெடுங்காலம் நிலவறையிலன்றோ கிடந்தது? புகையும் புழுக்கமும் கீழே. வெள்ளிக்கலமும் இன்னிசையும் மேலே. உண்டவன் தனக்குச் சமைத்தவன் முகத்தை அறியான். நம் தமிழிலும் 'மடையன்' என்னும் ஒரே உருவம் சமைப்போனையும் அறிவிலியையும் குறித்து நிற்கின்றது. மடை என்பதும் மடம் என்பதும் வெவ்வேறு வேர் என்று இலக்கணம் கற்றோர் விளக்குவர். வசைமொழியாய் அதனை வீசுவோர் வேரை ஆராய்கின்றனரா? சமைப்போனை நடுவிடத்தே நிறுத்திய கட்டடம் ஒருவகையில் அவ்விழிவைத் துடைக்கின்றது. ஓக்கு மரத்தின் மெருகினும் இதுவே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

நிற்க. அவ்வட்டிலில் ஊதியமின்றிப் பயிற்சிபெற வந்த இளைஞர் பலர் உழைத்து வந்தனர். அவர்க்கு ஊதியம் வழங்கத் தொடங்கியது 2022 அக்டோபரிலேதான். புதிய கட்டடம் திறந்து நான்காண்டுகள் கழிந்த பின்னர். அதற்கு முன்பே, 2021இல், அச்சாலை மூன்றாம் மிச்செலின் விண்மீனைப் பெற்றதோடு, உலகின் முதல் உண்டிச்சாலை என ஐந்தாம் முறையாகவும் பெயர்பெற்றுவிட்டது. இலைதழைகளை இடுக்கியாற் பொறுக்கி அடுக்கிய விரல்களின் நுண்மையை விருந்தினர் கண்டு மகிழ்ந்திருப்பர். அவற்றுட் பல கூலி பெறாத விரல்கள் என்பதைக் கண்ணாடிச் சுவரும் காட்டவில்லை. 2023 சனவரியில், இம்முறையில் உண்டிச்சாலையை மேலும் நடத்துதல் இயலாதென்று ரெட்செப்பியே அறிவித்தார்.

ஆதலின், மதிலை நீக்கியதைப் பாராட்டும் யாம், அப்பாராட்டைப் பாதியளவே வழங்குகின்றோம். இவ்வமைப்பைப் பின்பற்றி உண்டிச்சாலை எடுக்க விரும்புவோர், மரப்பலகையின் விலையைக் குறிக்கும் அதே ஏட்டில், அதற்கு முந்திய பக்கத்தில், பயிற்சியாளரின் ஊதியத்தையும் எழுதிக்கொண்டு கட்டடச் சிற்பியிடம் செல்வாராக.