எட்டாம் வகுப்பு அறிவியலை எடைக்குப் போட்டவர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம் பல வீடுகளில் ஒரு சடங்கு நடக்கும். பழைய புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டி எடைக்குப் போடுவது. பையன் காமர்ஸ் குரூப் எடுத்துவிட்டான் என்றால் அறிவியல் புத்தகம்தான் கட்டின் அடியில் முதலில் போகும். "இனிமே சயின்ஸ் தொல்லை இல்லடா!"

சரி, போகட்டும். ஆனால் ஆறிலிருந்து எட்டு வரை படித்ததாவது மண்டையில் நின்றதா?

பி.காம். படிக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மே மாதம் ஏன் வெயில் கொளுத்துகிறது? "பூமி சூரியனுக்குப் பக்கத்துல போகுது" என்று கூசாமல் பதில் வரும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், சுமார் 15.2 கோடி. பக்கத்தில் போவதுதான் காரணம் என்றால் மார்கழியில் அல்லவா வியர்க்க வேண்டும்? காரணம் தூரம் அல்ல, 23.5 டிகிரி சாய்வு. "பூமியின் அச்சு சாய்ந்துள்ளது" என்று கோடிட்ட இடத்தை நிரப்பி ஒரு மார்க் வாங்கியவர்கள்தான் எல்லோரும். அந்தச் சாய்வுக்கும் மே மாத வெயிலுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

சொல்ல லேப் எதுவும் வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், நண்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டால் நிழலே விழாது. சூரியன் சரியாகத் தலைக்கு மேல். ஒரு குச்சி, பத்து நிமிடம், பள்ளி மைதானம். எத்தனை பள்ளிகளில் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகிறார்கள்? வெளியே போனால் "போர்ஷன்" முடியாதாம்!

இது வெறும் பொது அறிவு விஷயம் என்று நினைத்தால் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது இந்திய நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில். தமிழகக் கடற்கரைக்கு அலை வந்தது அதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் பிறகு. தாய்லாந்தின் ஃபூகெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது. பெற்றோரிடம் கத்தினாள், கடற்கரை காலியானது, சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். ஒரே ஒரு பாடம்!

உடனே "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று அதையும் ஒருவரி விடையாக மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். அங்கேதான் வம்பு. அன்றைக்குத் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே நம் பக்கம் தண்ணீர் முதலில் ஏறியது, பிறகுதான் வடிந்தது. வடிந்ததும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அடுத்த அலை வரும். மேடும் பள்ளமும் சேர்ந்ததுதான் அலை என்று இயற்பியலில் படிக்கிறோமே, அதுதான் இது. ஆனால் அலை அறிவியல் புத்தகத்தில், கடல் சமூக அறிவியல் புத்தகத்தில். இரண்டு டீச்சர், இரண்டு நோட்டு. யார் சேர்த்துச் சொல்வது?

"2007லேயே ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது நல்லது. ஆனால் நிகோபார் தீவுகளில் அன்று கிடைத்த அவகாசம் மணிக்கணக்கில் இல்லை, நிமிடக்கணக்கில். அங்கே காலுக்கடியில் ஆடும் நிலம்தான் எச்சரிக்கை. சுமத்ராவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிமெலு தீவில் 70,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அலைக்குப் பலியானவர்கள் 7 பேர். காரணம், 1907ல் வந்த அலையைப் பற்றிப் பாட்டிமார் சொல்லிவைத்த கதை. நிலம் பலமாக ஆடினால் மலைக்கு ஓடு என்று. அந்தப் பாட்டிமார் யாரும் மார்க் போடவில்லை.

கடல் இல்லாத ஊர்க்காரர்கள் அடுப்படியைப் பாருங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால்தான் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவைத் திறக்க வேண்டும். அடர்த்தி என்ற பாடம் இதற்குத்தான். வாய்ப்பாட்டை ஒப்பித்த பையன் வீட்டில் என்ன செய்கிறான்? எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடப் போகிறான்!

டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் பிளஸ் டூவில் மறுபடி அறிவியல் கிடைக்கும். கணக்கு எழுதப் போகிறவன், கடை வைக்கப் போகிறவன், பத்தோடு நின்று வேலைக்குப் போகும் பெண், இவர்களுக்கெல்லாம் ஆறு ஏழு எட்டில் போட்ட அஸ்திவாரம்தான் ஆயுசுக்கும். அதை "எப்படியும் பாஸ்தானே" என்று ஓட்டும் வகுப்புகளாக விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பில் மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த வருடம் புத்தகத்தை எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிலோவுக்குச் சில ரூபாய்தான் கிடைக்கும். உள்ளே இருப்பது அதைவிடக் கொஞ்சம் விலை கூடியது.