மின்சாரக் காரும் காரைக்குடிக் கணக்கும்

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்ப் பேரேடு எழுதிய சீமை செட்டிநாடு. சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு மின்சாரக் காரில் வந்து இறங்குகிறவரைக் காரைக்குடிப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "வண்டி எப்படியப்பா?" என்பதல்ல, "செலவு என்ன ஆச்சு?" என்பதுதான்.

கேள்வி நியாயமானது. திருச்சி வழியாக வந்தால் தூரம் சுமார் 400 கிலோமீட்டர். நடுத்தரமான மின்சாரக் காருக்கு ஏறக்குறைய 60 யூனிட் மின்சாரம் போதும். பெட்ரோல் வண்டியானால் 25 லிட்டராவது வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் 2,500 ரூபாய் ஆகிவிடும். வீட்டு மின்சாரத்துக்கோ சில நூறு ரூபாய்தான் கணக்கு. சாலையோர நிலையங்களில் யூனிட் விலை அதிகம். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவே.

பிரயாண சுகத்திலும் குறை சொல்ல முடியாது. இரைச்சல் இல்லை, புகை இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. ஆனால், விளம்பரத்தில் சொன்ன தூரம் நெடுஞ்சாலையில் கிடைப்பதில்லை. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. சித்திரை வெயிலில் குளிர்சாதனமும் தன் பங்கைக் கேட்கிறது. ஆகவே, பல வண்டிகள் நடுவழியில் ஒருமுறை நின்றே ஆக வேண்டும். துரிதமாக மின்னேற்றினாலும் முக்கால் மணி, ஒரு மணி ஆகிறது. சாப்பாட்டு வேளையானால் தொந்தரவில்லை. முகூர்த்தத்துக்கு விரைகிறவர் போய்ச் சேரும் நிலையத்தில் இருக்கிற ஒரே இயந்திரமும் பழுதாகிக் கிடந்தால், அவர் படும் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் குறை நிலையங்கள் பெருகினால் தீர்ந்துவிடும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மின்சாரக் காரின் விலையில் பெரும் பங்கை விழுங்குவது பாட்டரி. அதற்குள் இருக்கும் லிதியம் செல்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. எண்ணெய்க்கு அரபு நாடுகளை நம்பியிருந்தது போய், செல்லுக்குச் சீனாவை நம்பியிருப்பதா?

இதைக் கேட்கக் காரைக்குடிக்குத் தனி உரிமை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி என்பது மின்வேதியியல் பெற்ற பிள்ளை அல்லவா? இந்நிலையத்தார் வேறு சில ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து லிதியம் செல் செய்யும் முறையை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். அதை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்க 2018 ஜூனில் ஒப்பந்தமும் ஆயிற்று. செல் தொழிற்சாலைகளுக்காக மத்திய சர்க்கார் 2021-ல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியத்நாம் கம்பெனி ஒன்றின் மின்சாரக் கார்த் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது.

வித்தை இங்கே இருக்கிறது. வண்டி பக்கத்திலேயே தயாராகிறது. நடுவிலுள்ள செல் மட்டும் கப்பலில் வருகிறது. தாதுப்பொருள் இங்கே போதவில்லை என்பது உண்மைதான். ஆனால், தாது இல்லாத ஜப்பான்தான் 1991-ல் லிதியம் அயனி பாட்டரியை முதன்முதலாகக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த முறையைப் பெருந்தொழிலாக வளர்க்கும் துணிவும், அதற்கு ஏற்ற முதலும், தென் மாவட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியுமே இன்று வேண்டும்.

அழகப்பர் முதல் போட்டு எழுபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. வட்டியை வசூலிப்பது நம்முடைய வேலை.