ஒரு கணினியும் இரு குடித்தனமும்

வலிமைமிக்க கணினி ஒன்றை அரும்பாடுபட்டு வாங்கிய வீட்டில் இரு மாணவர் இருப்பின், அதில் யார் முதலில் அமர்வது என்னும் வழக்கு நாள்தோறும் எழுதல் இயல்பே. ஒரே பெட்டியினுள் இரு கணினிகளைக் குடியேற்றி, இருவர்க்கும் தனித்தனித் திரையும் விசைப்பலகையும் கொடுத்துவிட இயலாதா? இயலும் என்பதே விடை. அது எவ்வாறு இயலுகின்றது, அதற்கு வேண்டுவன யாவை என்பவற்றை இவ்வாரம் ஆராய்வோம்.

ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தை புதியதன்று. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அமைந்த ஐ.பி.எம். ஆய்வுநிலையத்தார் 1960களிலேயே இதனைச் செய்து காட்டினர். ஒவ்வொருவரும் முழு யந்திரத்தையும் தாமே ஆள்வதாக எண்ணினர். மேற்பார்வை நிரலோ செயலியின் நேரத்தை அவர்களிடையே பகிர்ந்தளித்தது. இவ்வாறு மென்பொருளால் அமைவதையே மெய்நிகர் கணினி என்கின்றோம். லினக்ஸில் 2007 முதல் இவ்வசதி கே.வி.எம். என்னும் பெயரால் இடம்பெற்றுள்ளது.

செயலியைப் பங்கிடுதல் எளிது. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் அட்டையைப் பங்கிடுதலே அரிது. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைப்பது போல ஓர் அட்டையைப் பலர்க்குப் பகிரவும் வழியுண்டு. ஆயின் அவ்வசதி பெரும்பாலும் தொழிற்றுறைக்கென விற்கப்படும் அட்டைகளிலேயே கிடைக்கும். ஆதலின் வீட்டுக்கு உகந்தது, ஆளுக்கொரு கிணறு என்னுமாறு, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஓர் அட்டையை முழுமையாக ஒப்படைத்தலே. அங்ஙனம் ஒப்படைத்த அட்டை, தனிக் கணினியில் இயங்கும் வேகத்தோடு ஏறக்குறைய ஒத்து இயங்கும்.

ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. கிராபிக்ஸ் அட்டை செயலியின் கைபாராது நினைவகத்துள் நேரே புகுந்து எழுத வல்லது. தமையனுக்குக் கொடுத்த அட்டை தங்கையின் நினைவகப் பகுதியில் எழுதிவிட்டால் அவளுடைய வேலை பாழாகும். முழுக் கணினியுமே நிலைகுலையவும் கூடும். ஆதலின் வேலி வேண்டும். ஐ.ஓ.எம்.எம்.யு. எனப்படும் வன்பொருட் பகுதியே அவ்வேலி. அட்டை நாடும் ஒவ்வொரு நினைவக முகவரியையும் அது சோதித்து, எல்லை மீறுவதைத் தடுக்கின்றது. இன்டெல் இதனை வி.ரி.-டி எனவும், ஏ.எம்.டி. இதனை ஏ.எம்.டி.-வி.ஐ. எனவும் வழங்கும். இதனைத் துணைக்கொண்டு அட்டைகளைப் பாதுகாப்பாக ஒப்படைக்கும் வி.எஃப்.ஐ.ஓ. என்னும் ஏற்பாடு 2012இல் லினக்ஸில் சேர்ந்தது.

இடையில் வேலியிட முடியாத உறுப்புகளை லினக்ஸ் ஒரே குழுவாகக் கொள்ளும். இரு அட்டைகளும் ஒரே குழுவில் அகப்படின் அவற்றை இருவர்க்குப் பிரித்துக் கொடுத்தல் ஆகாது. இல்லாத வேலியை உண்டெனக் கணினியை நம்பவைக்கும் குறுக்குவழியும் வழக்கில் உண்டு. அதனை நாம் பரிந்துரையோம், நம்பிக்கை வேலியாகாது.

தடை வன்பொருளிலிருந்து மட்டும் வருவதில்லை. என்விடியா நிறுவனத்தின் ஜிபோர்ஸ் அட்டைக்கான இயக்கி மென்பொருள், தான் மெய்நிகர் கணினியுள் இருப்பதை அறிந்ததும், விண்டோஸில் 43ஆம் இலக்கப் பிழையோடு நின்றுவிடும் நிலை பல்லாண்டு நிலவியது. அட்டையில் பழுதில்லை, வாங்கியவன் விரும்பியவாறு பயன்படுத்தவே இடமில்லை. 2021இல் அந்நிறுவனமே இப்பயன்பாட்டுக்கு இடமளித்தது.

இம்முயற்சியில் இறங்குவோர் முதலில் நோக்கவேண்டியவை சில. செயலியும் தாய்ப்பலகையும் மேற்கூறிய வேலியை உடையனவா? அட்டைகள் தனித்தனிக் குழுவில் அமைகின்றனவா? மின்வழங்கி இரு அட்டைகளின் சுமையையும் தாங்குமா? மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கிய நினைவகம், அது இயங்கும் வரை பிறர்க்குக் கிடையாது. 32 கிகாபைட் உள்ள கணினியில் இருவர்க்கும் 12 வீதம் கொடுத்தால், மேற்பார்வைக்கு எஞ்சுவது 8 மட்டுமே.

பெட்டி பழுதானால் இருவர் படிப்பும் ஒருங்கே நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. கடிதம் எழுதவும் பாடம் படிக்கவும் மட்டுமே கணினி வேண்டுவோர்க்கு விலைகுறைந்த இரு கணினிகளே மேல். வரைகலை, நிகழ்பட ஆக்கம் முதலியன பயிலும் இருவர் உள்ள வீட்டுக்கோ இம்முறை நற்றுணையாகும். அவர்களும் அட்டைக்குக் காசு கொடுக்குமுன் வேலி உண்டா என்று பார்ப்பாராக. எல்லை தெளிவாயின் ஒரே கூரையின்கீழ் இரு குடித்தனம் இனிதே நடக்கும்.